பலபொருள் ஒருமருந்து: ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் திசுவுக்குத் திசு மாறும் வினையும் ‘சாயா’ மாத்திரையின் தமிழ் விளக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுத்தும் எலும்பில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே இயங்கியும் இருவேறு முகம் காட்டும் மருந்துகள் ஒரு தனி வகையாக அறியப்பட்டுள்ளன. இலக்னோவில் உருவாக்கப்பட்டு இன்று ‘சாயா’ என்னும் பெயரில் அரசு சுகாதார நிலையங்களில் வழங்கப்படும் சென்ட்குரோமன் இவ்வகையைச் சார்ந்தது. ‘ஹார்மோன் இல்லாத மாத்திரை’ என்று மக்களிடம் அது அறிமுகப்படுத்தப்படுகிறது. இவ்வறிமுகம் மருந்தின் வேதியியலுக்குப் பொருந்தினும் அதன் வினைக்குப் பொருந்தவில்லை என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, திசு, தமாக்ஸிஃபென், ராலாக்ஸிஃபென், சென்ட்குரோமன், சாயா, கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

நடுவணரசின் குடும்பநலத் திட்டத்தின்கீழ் ‘சாயா’ என்னும் கருத்தடை மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தின் வானூர், திண்டிவனம் வட்டங்களைப் போன்ற ஊரகப் பகுதிகளில் இத்தகைய திட்டங்களை வீட்டு வாசல்வரை கொண்டு செல்பவர் கிராம சுகாதார செவிலியரே. மாத்திரையை அறிமுகப்படுத்த அவருக்குத் தரப்பட்டுள்ள சொல் ‘ஹார்மோன் இல்லாதது’ என்பதாகும். நாள்தோறும் உட்கொள்ளும் வழக்கமான கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்னும் இரு ஸ்டீராய்டு ஹார்மோன்களின் செயற்கை வடிவங்கள் உள்ளன. சாயாவில் அவை இல்லை. ஆகவே அச்சொல்லில் பொய் ஏதுமில்லை.

எனினும் அம்மாத்திரையை உட்கொள்ளும் பெண்கள் சிலருக்கு, குறிப்பாகத் தொடக்க மாதங்களில், மாதவிடாய் தள்ளிப்போகிறது. ஹார்மோனே இல்லாத மாத்திரை மாதவிடாயை ஏன் தள்ளிவைக்க வேண்டும் என்னும் கேள்விக்கு ‘ஹார்மோன் இல்லாதது’ என்னும் விளக்கத்திற்குள் விடை கிடையாது. விடை கிடைக்காத பெண், கருத்தரித்துவிட்டதாக அஞ்சலாம். அல்லது மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தாமாகவே நிறுத்திவிடலாம். இரண்டாவது முடிவே விரும்பாத கருவுறுதலுக்கு வழிவகுக்கும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21) தமிழகத்தில் மணமான பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் நம்பியிருப்பது பெண் கருத்தடை அறுவையை. மாத்திரையை நாடுவோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மீளக்கூடிய முறை ஒன்று இத்தகைய சூழலில் வேரூன்றுவதும் பட்டுப்போவதும் அதனை எவ்வாறு விளக்குகிறோம் என்பதையும் பொறுத்தது.

பூட்டும் சாவியும்: ஓர் உவமையின் எல்லை

ஹார்மோனுக்கும் அதன் ஏற்பிக்கும் உள்ள உறவைச் சாவிக்கும் பூட்டுக்கும் உள்ள உறவாகப் பாடநூல்கள் விளக்குகின்றன. சாவி பொருந்தினால் பூட்டுத் திறக்கும். போலிச் சாவி உள்ளே சிக்கிக்கொண்டால் மெய்ச்சாவிக்கு வழியில்லை. முன்னது தூண்டி, பின்னது எதிர்ப்பி. பல மருந்துகளுக்கு இவ்வுவமை போதுமானது. ஒரே சாவி மார்பகத்தில் பூட்டை அடைத்து எலும்பில் திறக்குமானால் உவமை உடைந்துவிடுகிறது.

ஈஸ்ட்ரோஜன் உடலில் தனித்து இயங்குவதில்லை. செல்லுக்குள் அதற்கென ஒரு புரதம் உண்டு என்பதை 1950களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் ஆய்வுவழிக் காட்டினார். அவ்வேற்பி ஒன்றல்ல, இரண்டு என்பது 1996இல் சுவீடனின் யான்-ஓகே குஸ்தாஃப்சன் குழுவினர் பீட்டா வகையைக் கண்டறிந்தபோது தெரியவந்தது. ஆல்பா, பீட்டா ஆகிய இவ்விரண்டும் திசுக்களில் வெவ்வேறு விகிதத்தில் அமைந்துள்ளன. திசு வேறுபாட்டிற்கு இஃது ஒரு காரணம். முதன்மையான காரணம் அன்று.

முதன்மையான காரணம் ஏற்பியின் வடிவமாற்றத்தில் உள்ளது. யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரசோசோவ்ஸ்கியும் உடன் ஆய்வாளரும் 1997இல் வெளியிட்ட படிகக் கட்டமைப்புகள் இதனைக் கண்ணுக்குக் காட்டின. ஏற்பியின் குழிவில் எஸ்ட்ராடயால் அமரும்போது பன்னிரண்டாம் சுருள் எனப்படும் புரதப் பகுதி ஒரு மூடியைப் போல அதன்மேல் வந்து கவிகிறது. அவ்வாறு கவிவதால் ஏற்பியின் புறத்தே ஒரு பள்ளம் உருவாகிறது. உடனூக்கிகள் எனப்படும் துணைப் புரதங்கள் அப்பள்ளத்தில் வந்து பொருந்தியபின்னரே மரபணு படியெடுக்கப்படுகிறது. ராலாக்ஸிஃபென் அமரும்போது நிகழ்வது வேறு. அதன் நீண்ட பக்கச்சங்கிலி குழிவுக்கு வெளியே துருத்தி நிற்பதால் மூடி கவிய முடிவதில்லை. இடம்பெயர்ந்த பன்னிரண்டாம் சுருள், உடனூக்கி அமரவேண்டிய பள்ளத்திலேயே போய்ப் படுத்துக்கொள்கிறது. அந்நிலையில் ஏற்பி உடனொடுக்கிகளை ஈர்க்கும் வாய்ப்பு மிகுகிறது.

ஆக, மருந்து ஏற்பியைத் திறப்பதோ அடைப்பதோ இல்லை. அதன் உருவைத் திரிக்கிறது. திரிந்த அவ்வுருவுடன் யார் வந்து சேர்வார் என்பதை அந்தந்தத் திசுவில் யார் இருக்கிறார் என்பது தீர்மானிக்கிறது. 2002இல் யாங்ஃபெங் ஷாங், மைல்ஸ் பிரவுன் ஆகியோர் இதனை நேரடியாகச் சோதித்தனர். தமாக்ஸிஃபென் மார்பகப் புற்றுச் செல்களில் உடனொடுக்கிகளை அழைத்தது. கருப்பை உள்வரிச் செல்களிலோ சில மரபணுக்களின் மீது உடனூக்கிகளை அழைத்தது. எஸ்.ஆர்.சி.-1 என்னும் உடனூக்கி பின்னவற்றில் மிகுதியாக இருந்ததே அதற்குக் காரணம். அவ்வுடனூக்கியின் ஆக்கத்தை அடக்கியபோது கருப்பைச் செல்லில் தமாக்ஸிஃபெனின் தூண்டும் தன்மையும் அடங்கிவிட்டது. மருந்தும் ஏற்பியும் மாறவில்லை. சூழ இருந்தது மட்டும் மாறியது.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இந்நிலை புதிதன்று. ஒரு சொல் பல பொருள் தருமிடத்து அதன் பொருளை உறுதிசெய்வது அச்சொல் அன்று. அதனோடு வரும் வினையும் இனமும் சார்புமே என்று தொல்காப்பியக் கிளவியாக்கம் கூறுகிறது. ‘மா’ என்னும் சொல் பூத்தது என்னும் வினையோடு வரின் மரம். ஓடிற்று என்பதோடு வரின் விலங்கு. தமாக்ஸிஃபென் தூண்டியா, எதிர்ப்பியா என்று திசுவைச் சுட்டாமல் வினவுவது, ‘மா’ மரமா விலங்கா என்று தொடரின்றி வினவுவதை ஒக்கும். சாவி உவமையைவிடப் பலபொருள் ஒருசொல் என்னும் இக்கருத்தே இம்மருந்துகளை விளக்க ஏற்றது. வகுப்பறையில் கையாளவும் எளிது.

கருத்தடைக்காகத் தேடியதும் கிடைத்ததும்

இவ்வகை மருந்துகளின் வரலாறு பெரும்பாலும் கருத்தடையைத் தேடிச் சென்று வேறொன்றைக் கண்டடைந்த வரலாறாகும். இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் 1962இல் தொகுத்த ஒரு சேர்மம், ஆர்தர் வால்போல் தலைமையிலான இனப்பெருக்க ஆய்வுத் திட்டத்தைச் சார்ந்தது. எலிகளில் அது கருவுறுதலைத் தடுத்தது. பெண்களிலோ கருமுட்டை வெளிப்படுவதைத் தூண்டியது! கருத்தடை மருந்தாகத் தோற்ற அச்சேர்மமே தமாக்ஸிஃபென். மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையில் மேரி கோலும் பிறரும் முற்றிய மார்பகப் புற்றுக்கு அதனைச் சோதித்து 1971இல் முடிவுகளை வெளியிட்டனர். அமெரிக்காவில் 1977இல் ஒப்புதல் கிடைத்தது.

நெடுங்காலம் அது ‘ஈஸ்ட்ரோஜன் எதிர்ப்பி’ என்றே அழைக்கப்பட்டது. அப்பெயர் உண்மையாயின், அதனை ஆண்டுக்கணக்கில் உட்கொள்ளும் பெண்களின் எலும்பு மெலிய வேண்டும். மாதவிடாய் முற்றாக நின்ற பெண்களில் எலும்பின் அடர்த்தி பேணப்பட்டது என்பதே பின்னர்த் தெரிந்தது. கருப்பையிலும் பெயர் பொய்த்தது. இம்முறை தீய வகையில். மார்பகப் புற்று வரும் வாய்ப்பு மிகுந்த 13,388 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தமாக்ஸிஃபென் பரவும் தன்மையுள்ள மார்பகப் புற்றை 49 விழுக்காடு குறைத்தது. அதே ஆய்வில் கருப்பை உள்வரிப் புற்று இரண்டரை மடங்காயிற்று. பெயரிடுதல் வெறும் சொல்விளையாட்டன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா. ‘எதிர்ப்பி’ என்னும் பெயரை நம்பியவர் கருப்பையைக் கண்காணிக்க நினைத்திருக்கமாட்டார்.

கிரெய்க் ஜோர்டன் முதலியோரின் ஆய்வுகள் இம்முரண்பாட்டையே ஒரு வாய்ப்பாக மாற்றின. மார்பகப் புற்று மருந்தாக முதலில் எண்ணப்பட்டுக் கைவிடப்பட்ட ராலாக்ஸிஃபென், 1997இல் எலும்புப்புரைத் தடுப்பு மருந்தாக ஒப்புதல் பெற்றது. அது கருப்பை உள்வரியைத் தூண்டுவதில்லை. ஆயினும் குருதி உறைகட்டி ஏற்படும் வாய்ப்பைத் தமாக்ஸிஃபெனைப் போலவே கூட்டுகிறது. எல்லாத் திசுக்களிலும் விரும்பியவாறு இயங்கும் மருந்து இதுவரை வாய்க்கவில்லை.

இலக்னோவின் சென்ட்குரோமன்

ஐ.சி.ஐ. தேடித் தோற்ற இடத்தில் வென்றது இந்திய ஆய்வகம் ஒன்று. இலக்னோவில் 1951இல் தொடங்கப்பட்ட நடுவண் மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் வேதியியலாளர் நித்யா ஆனந்த் தலைமையில் 1960களில் கருத்தடைச் சேர்மங்களுக்கான தேடல் தொடங்கியது. அதன் விளைவே சென்ட்குரோமன். நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரின் முதற்பகுதியும், குரோமன் என்னும் வேதி வளையத்தின் பெயரும் சேர்ந்து இப்பெயர் அமைந்தது. பன்னாட்டுப் பொதுப்பெயர் ஆர்மெலாக்ஸிஃபென். உயிரியல் ஆய்வுகளில் வி. பி. கம்போஜின் பங்கு பெரிது. நித்யா ஆனந்த் 1974 முதல் 1984 வரை அந்நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். 2012இல் பத்மஸ்ரீ பெற்றார். 2024 சனவரியில் தம் 99ஆம் அகவையில் மறைந்தார்.

ஆய்வுக்கூடத்திலிருந்து மருந்துக்கடைக்கு வர அச்சேர்மத்திற்கு இருபதாண்டுகளுக்கு மேலாயின. 1991இல் இந்துஸ்தான் லேட்டக்ஸ் நிறுவனம் அதனை ‘சஹேலி’ என்னும் பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தது. இந்தியில் சஹேலி என்றால் தோழி. கால் நூற்றாண்டு கழித்துத் தேசியத் திட்டத்தில் விரிவாகச் சேர்க்கப்பட்டபோது பெயர் ‘சாயா’ என்றாயிற்று. நிழல் என்னும் பொருளுடைய இவ்வடசொல்லைக் கேட்கும் தமிழர் பலருக்கு மலையாளத்தின் தேநீரே முதலில் நினைவுக்கு வரும். தோழி என்றே விட்டிருக்கலாம்.

சென்ட்குரோமனின் கட்டமைப்பில் ஸ்டீராய்டுக்குரிய நான்கு வளையத் தொகுதி இல்லை. ஆயினும் தமாக்ஸிஃபெனிலும் ராலாக்ஸிஃபெனிலும் உள்ளதைப் போன்றே, நுனியில் அமீன் தொகுதியைத் தாங்கிய பக்கச்சங்கிலி ஒன்று இதிலும் உண்டு. மேலே கூறிய மூடியைக் கவியவிடாமல் தடுப்பது இத்தகைய சங்கிலியே. எனவே இம்மருந்து ஹார்மோன் அன்று. ஆனால் ஹார்மோனுக்குரிய இருக்கையில் அமர்வது.

அவ்வாறு அமர்வதால் கருத்தடை நிகழும் வழி தனித்தன்மை உடையது. வழக்கமான மாத்திரை கருமுட்டை வெளிப்படுவதையே நிறுத்துகிறது. சென்ட்குரோமன் பொதுவாக அவ்வாறு நிறுத்துவதில்லை. மூளையடிச் சுரப்பிக்கும் சூலகத்திற்கும் இடையிலான ஹார்மோன் ஒழுங்கைப் பெரிதும் குலைப்பதுமில்லை. விலங்காய்வுகளின்படி, கருவுற்ற முட்டை கருக்குழாயில் சற்று விரைந்து பயணிக்கிறது. அதே வேளையில் கருப்பை உள்வரி ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதல் குன்றி, கருவை ஏற்கும் பக்குவத்தை உரிய காலத்தில் அடைவதில்லை. விருந்தினர் முன்னதாக வந்துவிட, வீடு ஆயத்தமாகாத நிலை. இக்காலப் பொருத்தமின்மையால் கரு பதிவதில்லை. கருவுறுதலைத் தடுக்காமல் கரு பதிதலைத் தடுக்கும் முறை என்பதால், இவ்வேறுபாட்டைப் பயனாளிக்கு மறைக்காமல் கூறுவது முறை; அஃது ஏற்புடையதா என்பது அவர் முடிவுக்குரியது.

மாதவிடாய் தள்ளிப்போவதற்கான விளக்கமும் இங்கேயே கிடைக்கிறது. உள்வரி தடிப்பதும் உதிர்வதும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஆகியவற்றின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றுபவை. அவற்றுள் ஒன்றின் குரல் கருப்பையில் மட்டும் தாழ்த்தப்படும்போது சுழற்சி நீள்வதும் உதிரப்போக்குக் குறைவதும் இயல்பு. இதே பண்பைப் பயன்படுத்தியே மிகையான மாதவிடாய்ப் போக்கைக் கட்டுப்படுத்தவும் மகப்பேற்று மருத்துவர்கள் இம்மருந்தை உயர்ந்த அளவில் பரிந்துரைக்கின்றனர். ஒரு பெண்ணுக்கு அச்சம் தரும் விளைவு மற்றொருவருக்குச் சிகிச்சையாகிறது.

உட்கொள்ளும் முறைக்கும் இயக்கவியல் அடிப்படை உண்டு. இம்மருந்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ ஒரு வாரம். எனவே வாரம் ஒரு மாத்திரை போதும். எனினும் தொடக்கத்திலேயே குருதியில் போதிய அளவு சேரவேண்டும் என்பதால் முதல் மூன்று மாதம் வாரத்திற்கு இருமுறை 30 மில்லிகிராம் தரப்படுகிறது. மாதவிடாயின் முதல் நாள் ஞாயிறாயின் அடுத்தது புதன். அதன்பின் வாரந்தோறும் அவ்விரு கிழமைகள். நான்காம் மாதம் முதல் முதலில் தொடங்கிய கிழமையில் மட்டும். ஒரு மாத்திரை விடுபட்டு ஏழு நாளுக்குள் நினைவு வந்தால் உடனே எடுத்துக்கொண்டு முறையைத் தொடரலாம். அடுத்த மாதவிடாய்வரை ஆணுறை துணை வேண்டும். ஏழு நாளைக் கடந்துவிட்டால் புதிதாகத் தொடங்குவதைப் போல வாரம் இருமுறையிலிருந்தே தொடங்கவேண்டும். தாய்ப்பாலூட்டும் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை முதல் ஆறு மாதம் தவிர்க்கப்படும் நிலையில், சாயா அவர்களுக்கும் வழங்கப்படுகிறது. சூலக நீர்க்கட்டி நோய், அண்மையில் மஞ்சட்காமாலை, கல்லீரல் நோய் ஆகியவை உள்ளோர்க்கு இம்மாத்திரை ஏற்றதன்று.

கண்ணாடிப் பிம்பத்தின் பாடம்

சென்ட்குரோமன், வலக்கையும் இடக்கையும் போல ஒன்றுக்கொன்று பிம்பமான இரு மூலக்கூறுகளின் சமக் கலவை. அவற்றுள் இடஞ்சுழி வடிவத்தை மட்டும் பிரித்தெடுத்து, லெவார்மெலாக்ஸிஃபென் என்னும் பெயரில் எலும்புப்புரை மருந்தாக்க டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க் நிறுவனம் முயன்றது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடந்த மூன்றாம் கட்ட ஆய்வு 1998இல் நிறுத்தப்பட்டது. எலும்பில் பயன் தெரிந்தபோதிலும் கருப்பை உள்வரி தடித்தல், கருப்பை இறக்கம், சிறுநீர் கட்டுப்பாடின்மை ஆகியவை மிகுதியாகக் காணப்பட்டமையே காரணம். அங்குத் தரப்பட்டது தனி வடிவம், நாள்தோறும் தரப்பட்டது, உட்கொண்டோர் ஈஸ்ட்ரோஜன் வற்றிய அகவையினர். ஆகவே அம்முடிவை வாரம் ஒருமுறை சாயா உட்கொள்ளும் இளம்பெண்ணுக்கு அப்படியே பொருத்துவது தவறு. ஆனால் ஈஸ்ட்ரோஜன் நிறைந்த உடலில் தடுப்பியாகத் தோன்றும் ஒரு குடும்பத்து மூலக்கூறு, ஈஸ்ட்ரோஜன் இல்லாத உடலில் தூண்டியாகத் தோன்றலாம் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. சார்பு என்பது திசுவை மட்டுமன்றி அகவையையும் உள்ளடக்கியது.

பெயரிடுதலின் சிக்கல்

இவ்வகைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைத் தழுவித் ‘தெரிவுசார் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மாற்றியமைப்பி’ என்று தமிழில் எழுதலாம். மொழிபெயர்ப்பில் பிழையில்லை, மூலத்திலேயே ஒரு வழு உள்ளது. ‘தெரிவு’ என்றதும் மருந்துதான் திசுக்களைத் தேர்ந்து செல்கிறது என்ற எண்ணம் எழுகிறது. மருந்தோ குருதி செல்லுமிடமெல்லாம் செல்கிறது. ஏற்பி உள்ள இடமெல்லாம் அமர்கிறது. தெரிவு செய்வது திசு. ஆகவே ‘திசுசார் ஈஸ்ட்ரோஜன் ஏற்பித் திரிப்பி’ என்பது பொருளுக்கு நெருங்கிய சொல்லாகும். திசுவை இழையம் என்றும் ஏற்பியை வாங்கி என்றும் வழங்கும் ஈழத்துப் பாடநூல் மரபில் இது ‘இழையஞ்சார்’ என்று தொடங்கலாம். ‘திரிப்பி’ என்னும் சொல்லின் கடுமை சிலருக்கு உவப்பாக இராது. எனினும் ஏற்பியின் உரு திரிகிறது என்னும் மெய்ந்நிகழ்வை ‘மாற்றியமைப்பி’யைவிட அது செறிவாகச் சொல்கிறது.

இக்கலைச்சொல் ஆய்வேட்டிற்குரியது. வானூரின் துணை சுகாதார நிலையத்திற்கு வேண்டியது அதனினும் எளிய ஒரு தொடர். ‘ஹார்மோன் இல்லாத மாத்திரை’ என்னும் சொல்லை நீக்கவேண்டியதில்லை. அதன் மறுபாதியைச் சேர்த்தால் போதும். கையேட்டில் அது பின்வருமாறு அமையலாம்: “இந்த மாத்திரையில ஹார்மோன் கிடையாதும்மா. ஆனா கருப்பையில ஹார்மோன் உட்கார்ற இடத்துல இது போய் உட்கார்ந்துக்கும். அதனால மொதல் மூணு மாசம் தீட்டு தள்ளிப்போகலாம், கம்மியாவும் வரலாம். பயந்து நீங்களா நிறுத்திடாதீங்க. வரவேண்டிய நாள் தாண்டிப் பதினஞ்சு நாளுக்கு மேல ஆச்சுன்னா மட்டும் வாங்க, சிறுநீர் பரிசோதனை பண்ணிப் பார்த்துடலாம்.”